காப்புக் கட்டிய கை: மூலிகைத் துறவியர் கற்பனையும் மதுரைக் குன்றுகளும்

மிகுபுனைவு எனப்படும் ஃபேண்டஸிக் கதை படிக்கிறவர்களுக்கும் அந்த வகை விளையாட்டு ஆடுகிறவர்களுக்கும் இந்த உருவம் நன்றாகப் பழக்கம். காட்டுக்குள் ஒரு மடம். பச்சை அங்கி உடுத்திய துறவிகள். மடத்துக்குப் பின்னால் மூலிகைத் தோட்டம். அடிபட்டு வருகிற வீரன் எந்தப் படையைச் சேர்ந்தவன் என்று கேட்காமல் இலையைக் கசக்கிக் காயத்தில் வைத்துக் கட்டுவார்கள். மரம் வெட்ட அரசன் ஆள் அனுப்பினால் குறுக்கே நிற்கிறவர்களும் இவர்களே. வைத்தியம், துறவு, காட்டுக்காவல் மூன்றும் ஒரே ஆளுக்குள் அடங்கியிருக்கும்.

தமிழில் மிகுபுனைவு எழுதத் தொடங்கியிருக்கும் இளையவர்களின் கதைகளிலும் இந்த மடம் வருகிறது. பெயர் மட்டும் தமிழாக இருக்கிறது. ஓக் மரம் நின்ற இடத்தில் ஆலமரம் நிற்கிறது. மற்றபடி வாழ்க்கை முழுக்க அயலூர் வாழ்க்கை. மதுரையைச் சுற்றி வளர்ந்த எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. செக்கானூரணியிலிருந்து மேலூர் வரை வெயிலில் காய்ந்து கிடக்கும் குன்றுகளுக்குள் இந்தக் கற்பனைக்கு வேண்டிய சரக்கு மொத்தமும் இருக்கிறது. ஆனால் அது ஒரே மடத்துக்குள் இல்லை. துறவி ஓரிடம், வைத்தியர் ஓரிடம், காட்டைக் காத்தவர் வேறோரிடம் என்று பிரிந்து கிடக்கிறது. அந்தப் பிரிவைப் புரிந்துகொண்டால்தான் நம் மண்ணுக்குரிய ஒரு மூலிகைத் திருக்கூட்டத்தைக் கற்பனை செய்ய முடியும்.

முதலில் அயலூர் உருவத்தின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வேர். ஒன்று, ட்ரூயிட்கள் எனப்பட்ட கெல்டியப் பூசாரிகள். அவர்கள் பாடங்களை ஏட்டில் எழுதாமல் மனப்பாடமாகவே கற்றார்கள், சிலருக்கு அதற்கே 20 ஆண்டு பிடித்தது என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். ஓக் மரத்தில் படரும் ஒரு புல்லுருவியை வெள்ளுடை உடுத்திய பூசாரி பொன் அரிவாளால் அறுப்பார், கீழே நிற்பவர்கள் அதை வெள்ளைத் துணியில் ஏந்துவார்கள், அதுவும் பிறை கண்ட ஆறாம் நாளில்தான் நடக்கும் என்று முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி பதிந்திருக்கிறார். இன்னொரு வேர், இடைக்காலக் கிறித்தவ மடங்கள். சுவிட்சர்லாந்தில் உள்ள சங்க்ட் காலன் மடத்து நூலகத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு மடத்து வரைபடம் இருக்கிறது. நோயாளிகள் தங்குமிடத்துக்கும் மருத்துவர் வீட்டுக்கும் பக்கத்தில் 16 பாத்தி கொண்ட மூலிகைத் தோட்டம் அதில் வரையப்பட்டிருக்கிறது. ட்ரூயிடின் காட்டையும் இந்த மடத்தின் தோட்டத்தையும் இருபதாம் நூற்றாண்டுக் கதாசிரியர்களும் விளையாட்டு வடிவமைப்பாளர்களும் ஒன்றாக இணைத்தார்கள். அங்கே அது இயல்பான இணைப்பு. அந்த மடத்துத் துறவி மண்ணைக் கொத்தலாம், விதைக்கலாம், வேரைப் பிடுங்கலாம். உடலுழைப்பே அவருக்கு ஒரு வழிபாடு.

மதுரைக் குன்றுகளில் வாழ்ந்த சமணத் துறவிக்கு அந்த வேலை ஆகாது.

செக்கானூரணிப் பக்கம் கொங்கர்புளியங்குளத்துக் குன்றில் ஏறினால், குகைத்தளத்தில் வரிசையாக வழுவழுப்பான கற்படுக்கைகள் தெரியும். தலைமாட்டில் தலையணை போலக் கல்லையே சற்று உயர்த்தி விட்டிருப்பார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் குகையின் நெற்றியில் புருவம் போல நீர்வடி விளிம்பு வெட்டியிருக்கும். ஊரில் கேட்டால் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். கீழவளவு, கருங்காலக்குடி, வரிச்சியூர், திருவாதவூர், முத்துப்பட்டி, விக்கிரமங்கலம், யானைமலை, அழகர்மலை, திருப்பரங்குன்றம் என்று மதுரையைச் சுற்றி இப்படிப் பல இடங்கள் உண்டு. அவற்றில் இருக்கும் தமிழ்ப் பிராமி எழுத்துகளில் பழையவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. மாங்குளம் என்று பெயர்பெற்ற மீனாட்சிபுரத்து ஓவாமலைக் கல்வெட்டு கணி நந்தன் என்ற துறவியைக் குறிப்பிடுகிறது. நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயரும், வெள்ளறை நிகமம் என்ற வணிகர் குழுவின் பெயரும் அங்கேயே இருக்கின்றன.

அழகர்மலைக் குகையில் யார் யார் கொடை கொடுத்தார்கள் என்று பாருங்கள். உப்பு வணிகன், கொழு வணிகன், பணித வணிகன், அறுவை வணிகன். கொழு என்பது ஏர்க்கொழு. பணிதம் என்பது பாகு, வெல்லம் சார்ந்த சரக்கு. அறுவை என்பது துணி. மதுரைக் கடைத்தெருவே மலையேறிப் போய்த் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறது. புரவலன் என்றால் அரசனைத்தான் காட்ட வேண்டும் என்று கதை எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். உப்பு விற்றவர் கொடுத்த படுக்கையில் ஒரு துறவி படுத்திருந்தார் என்பது எனக்கு அரசன் கதையைவிட நெருக்கமாக இருக்கிறது.

சமணம் நான்கு தானங்களைப் பெரிதாகச் சொல்லும்: ஆகார தானம், ஔஷத தானம், அபய தானம், சாத்திர தானம். உணவு, மருந்து, அஞ்சி வந்தவருக்கு அடைக்கலம், கல்வி. மிகுபுனைவு மடம் செய்கிற வேலைகள் எல்லாம் இந்த நான்குக்குள் அடங்கிவிடுகின்றன. சில சமணக் குன்றுகளில் பாறையில் உள்ள சிறு குழிகளைக் காட்டி, இங்கேதான் பச்சிலை அரைத்தார்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். குழியைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே வழவழவென்று இருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, அதைக் கவனிக்காமல் கடந்துபோகிறோம். செடிக்கும் உயிர் உண்டு, அது ஓரறிவுயிர் என்பது சமணத்தின் அடிப்படை. துறவி மண்ணைத் தோண்டக் கூடாது, வேரைப் பிடுங்கக் கூடாது, இலையைப் பறிப்பதுகூட அவருக்குக் குற்றம். ஆகவே துறவிக்கு வேண்டிய மருந்தை இல்லறத்தார் பறித்து, இடித்து, காய்ச்சிக் கொண்டுவந்து தானமாகத் தர வேண்டும். மருந்தைப் பற்றிய அறிவு துறவியிடம் இருக்கலாம். கத்தி அவர் கையில் இருக்காது. பொன் அரிவாளோடு மரம் ஏறும் ட்ரூயிடுக்கும் இவருக்கும் உள்ள தூரம் எவ்வளவு பெரியது! அறிவு உள்ளவரின் கை கட்டப்பட்டிருக்கிறது, பறிக்கிறவர் அறிவுள்ளவரிடம் கேட்டாக வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டை வைத்து ஒரு நாவலே எழுதலாம்.

அந்தச் சூழலிலிருந்து வந்த இலக்கியத்திலும் மருந்து வாசம் அடிக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று அறநூல்களுக்கு மருந்தின் பெயர். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்தது திரிகடுகம். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகியவற்றின் வேர்கள் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். ஏலம் முதலான ஆறு சரக்குகளைக் கொண்டது ஏலாதி. இவற்றில் பின்னிரண்டையும் எழுதிய காரியாசானும் கணிமேதாவியாரும் சமணம் சார்ந்தவர்கள். மாக்காயனார் என்ற மதுரைத் தமிழாசிரியரிடம் பாடம் கேட்டவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள். வேரைத் தோண்டாத சமயத்தின் புலவர் தன் நூலுக்கு ஐந்து வேர்களின் பெயரை வைத்தார். உடல் நோய்க்குச் சேர்மானம் எப்படியோ அப்படியே மன நோய்க்கு அறம் என்று அவர்கள் கண்டார்கள். சேர்மானம் என்ற சொல்தான் இதில் முக்கியம். ஒற்றை மூலிகை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற எண்ணம் இந்தப் பெயர்களில் இல்லை. மிகுபுனைவுக் கதைகளில் மலை உச்சியில் பூக்கும் ஒரே ஒரு அரிய பூவைத் தேடி எல்லோரும் ஓடுகிறார்கள். நம் வைத்தியம் அளவும் கூட்டும் பார்த்துச் சேர்க்கிற வேலை.

நோய் தீர்க்கிறவருக்கு மதுரையில் எவ்வளவு பெரிய இடம் இருந்தது என்பதற்குப் பெரியபுராணக் காட்சி ஒன்றே போதும். பாண்டியனுக்குச் சுரம். சமணர் மயிற்பீலியால் தடவி மந்திரம் சொல்கிறார்கள், பீலி கருகுகிறது. ஞானசம்பந்தர் திருநீறு பூச வலப்பக்கம் குளிர்கிறது, சமணர் ஏற்ற இடப்பக்கம் கொதிக்கிறது. இது சைவம் சொல்லும் கதை. சமணர் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். இரண்டு சமயங்களில் எது மெய் என்று முடிவு கட்டும் இடமாக ஒரு நோயாளியின் கட்டிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதே இங்கே நமக்குச் சேதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரை கி.பி. 770ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதைக் குடைவித்த மாறன் காரி, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர். கல்வெட்டு அவரைக் களக்குடி வைத்தியன் என்று சொல்கிறது. நீர்த்தெளித்துக் குடமுழுக்குச் செய்யும் முன் அவர் காலமாகிவிட, தம்பி மாறன் எயினன் அந்த வேலையை முடித்தார். திருப்பரங்குன்றத்துக் குடைவரையை 773இல் செய்வித்த சாத்தன் கணபதியும் அதே வைத்தியக் குலம். மதுரையின் இரு பக்கத்திலும் நிற்கும் இரண்டு பெரிய மலைகளிலும் வைத்தியக் குலத்தவர் கைபட்டிருக்கிறது. அவர்கள் துறவிகள் அல்லர். அரசின் உச்சியில் இருந்தவர்கள். யானைமலையிலேயே பழைய சமணப் படுக்கைகளும் தீர்த்தங்கரர் உருவங்களும் உண்டு. ஒரே மலை, வேறு வேறு காலத்தில் வேறு வேறு கை.

இதுவரை சொன்னது கல்லில் பெயர் பொறித்துக்கொள்ள முடிந்தவர்களின் கதை. பெயர் பொறிக்காதவர்கள்தான் உண்மையில் ஊருக்கு வைத்தியம் பார்த்தார்கள். பல ஊர்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் நாவிதர் வீட்டுப் பெண்கள். அந்தச் சமூகத்தாருக்கு மருத்துவர் என்றே பெயர். கட்டி கீறுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் அந்த வீட்டு ஆண்கள் வேலை. நள்ளிரவில் இடுப்புவலி கண்டால் ஓடிப்போய்க் கூப்பிட்ட அதே அம்மாவைப் பகலில் திண்ணைக்குக் கீழே நிற்க வைத்தார்கள். மலைச்சரக்கை அறிந்தவர்கள் பளியர் என்ற பழங்குடியினர். சிறுமலையிலும் சதுரகிரிப் பக்கத்து மேற்குமலையிலும் தேனும் கிழங்கும் பச்சிலையும் எங்கே எப்போது கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். சதுரகிரி என்றால் சித்தர் பெயர் சொல்கிறோம், சிறுமலையை அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையின் விழுந்த துண்டு என்கிறோம். அந்த மலைகளில் இன்றும் நடந்து திரிகிற பளியரின் பெயரை எந்தத் தலபுராணத்தில் சேர்த்தோம்? கற்பனைத் திருக்கூட்டம் ஒன்றை எழுதும்போது பச்சை அங்கிக்காரர் முன்னால் நிற்க, இலை கொண்டுவந்தவர் படத்துக்கு வெளியே போய்விடக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நாட்டுமருந்துக் கடையில் நின்று பார்த்தால் இந்த அறிவு எப்படிக் கைமாறுகிறது என்று தெரியும். கடுக்காய், சித்தரத்தை, அதிமதுரம், மாசிக்காய் என்று டப்பாக்களில் எழுதியிருக்கும். சீட்டை நீட்டினால் கடைக்காரர் உடனே எடை போட மாட்டார். "யாருக்குண்ணே? பிள்ளைக்கா, பெரியவுகளுக்கா? சளி எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசை எடுப்பார். வசம்பு வாங்க வந்த ஆச்சி அதன் பேரைச் சொல்ல மாட்டார், 'பேர் சொல்லாதது' என்றுதான் கேட்பார். பேரைச் சொன்னால் குணம் போய்விடும் என்பது நம்பிக்கை.

காட்டைக் காத்தவர்கள் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். மதுரைக்கும் மேலூருக்கும் இடைப்பட்ட இடையபட்டியில் வெள்ளிமலை முருகன் கோயில்காடு இருக்கிறது. உசிலை மரங்கள் அடர்ந்த காடு. உசிலம்பட்டிக்குப் பெயர் கொடுத்த அதே மரம்தான். இலையைக் காயவைத்து இடித்தால் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. விற்றால் காசு. ஆனாலும் கோயில்காட்டு மரத்தில் கை வைக்க ஆள் இல்லை. இப்படி அய்யனார், கருப்பு, முனி, நாச்சி பெயரில் இருக்கும் காடுகளுக்குப் பொதுவாகச் சில விதிகள் உண்டு. பச்சை மரத்தை வெட்டக் கூடாது. காய்ந்து விழுந்த விறகு சாமிக்குப் பொங்கல் வைக்க மட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். மீறினால் சாமி கேட்கும். இவ்வளவுதான் சட்டம். இதை நடத்த மடம் கிடையாது, சீருடை கிடையாது, பட்டமேற்ற தலைவர் கிடையாது. வருஷம் ஒருமுறை சாமியாடி அருள்வாக்குச் சொல்வார். மற்ற நாளெல்லாம் சாமியாடியும் வயலுக்குப் போகிறவர்தான். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பர் உருவமில்லாமல் கதவாக நிற்கிறார். அந்தக் கதவின் முன் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் துணிகிறவர் குறைவு. கோயில்காட்டின் காவலும் அந்த மாதிரிதான் இயங்குகிறது.

அப்படியானால் துறவி, வைத்தியர், காட்டைக் காத்த ஊர் மூவரையும் ஒன்றாகக் கட்டுவது எது? நான் பல காலம் யோசித்துக் கண்டடைந்த விடை ஒரு சொல்: காப்பு.

மூலிகை பறிக்கும் பழைய முறையைக் கேளுங்கள். வேண்டிய செடியை முந்தின நாளே பார்த்து வைப்பார்கள். சுற்றிலும் சுத்தம் செய்து மஞ்சள் தண்ணீர் தெளித்து, மஞ்சள் தோய்த்த நூலைச் செடியில் கட்டுவார்கள். இதற்குக் காப்புக் கட்டுதல் என்று பேர். தூபம் காட்டிச் செடியின் சாபம் நீங்க வேண்டிக்கொள்வார்கள். உன் உயிர் உன் உடலிலேயே நிற்கட்டும் என்ற பொருளில் மந்திரம் சொல்வார்கள். மறுநாள் விடியுமுன் வந்து, நகம் படாமல், வடக்கே ஓடும் வேரை மட்டும் எடுப்பார்கள். இரும்பு படக் கூடாது என்பதும் உண்டு. வடக்கு வேருக்குத் தனிக் குணம் உண்டா என்று நான் வாதாட வரவில்லை. ஒரு திசை வேரை எடுத்து மற்ற வேர்களை விட்டால் செடி பிழைக்கும்; ஒரு நாள் காத்திருந்தால், இது உண்மையிலேயே வேண்டுமா என்று யோசிக்க நேரம் கிடைக்கும். பிளினி சொன்ன பிறைநாளும் பொன் அரிவாளும் இந்த முறைக்குத் தூரத்துச் சொந்தம் போலத் தெரிகின்றன. ஆனால் செடியிடம் கேட்டுக்கொண்டு நூல் கட்டுகிற பணிவு நம்முடையது.

அதே சொல் ஊர்த்திருவிழாவிலும் வருகிறது. சாமி சாட்டிக் காப்புக் கட்டிவிட்டால் ஊரில் பச்சை மரம் வெட்ட மாட்டார்கள், வெளியூரில் போய் இரா தங்க மாட்டார்கள், பல வீடுகளில் தாளிக்கக்கூட மாட்டார்கள். பெண்கள் முளைப்பாரிக்கு விதை போட்டு, இருட்டில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை மூன்றையும் சேர்த்துக் கூரையிலும் வாசலிலும் செருகுவதும் காப்புக் கட்டுதான். பிறந்த பிள்ளையின் கையில் வசம்பை வளையமாகக் கோத்துப் போடுவது வசம்புக் காப்பு. அழகர் ஐப்பசியில் மலையேறி நூபுர கங்கையில் நீராடும் விழா தைலக்காப்பு. நூல் தொடங்குமுன் பாடும் பாட்டும் காப்பு. எல்லாவற்றிலும் பொருள் ஒன்றே: தொடங்குமுன், எடுக்குமுன், உன்னை நீ கட்டிக்கொள்.

அரசாங்கத் தமிழிலும் இந்தச் சொல் இருக்கிறது. மலையடிவாரத்துப் பலகைகளில் காப்புக்காடு என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச்சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு அது. இங்கே காப்பைக் கட்டியது சர்க்கார்; கட்டுப்பட்டவர்கள் காட்டில் பிழைத்தவர்கள். தனக்குத் தானே கட்டிக்கொள்ளும் நூலுக்கும் இன்னொருவர் வந்து போடுகிற வேலிக்கும் உள்ள வேறுபாடு பெரிது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் தேனும் மூலிகையும் எடுக்கும் பழங்குடியினரின் உரிமை சட்டத்தின் வாசலுக்கு வந்தது. சதுரகிரி இருக்கும் காடு 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமானது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. காட்டுக்குக் காவல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆடி அமாவாசைக் கூட்டம் போய்வந்த மலைப்பாதையை ஒருமுறை பார்த்தவர்களுக்கும் இருக்காது. அந்தக் காவலில் பளியருக்கு என்ன இடம் என்பதே கேள்வி. சதுரகிரித் தலக்கதை ஒன்று இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கோயில் கட்டப் பொன் வேண்டிய ஒருவருக்காகக் காலாங்கிநாதர் இரசவாதத் தைலம் செய்தார். வேலை முடிந்ததும் மிச்சத் தைலத்தைக் கிணற்றில் விட்டு மூடி, காவல் தெய்வங்களை நிறுத்தினார். போதும் என்ற இடத்தில் மூடி வைத்த சித்தர் அவர். மிகுபுனைவு எழுதுகிறவர்களுக்கு அந்தத் தைலக்கிணறு ஒரு பொக்கிஷம்.

காப்பு என்பது பழங்கதைச் சொல் மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு அரிட்டாபட்டியைக் காட்டுவேன். மேலூர்ப் பக்கம் ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். கழிஞ்சமலையில் சமணக் குகையும் தமிழ்ப் பிராமியும் இருக்கின்றன. சற்றுத் தள்ளிப் பாண்டியர் காலச் சிவன் குடைவரை. அதில் பாசுபத சைவத்தின் ஆசானான இலகுலீசரின் சிற்பம். சமணத் திருக்கூட்டமும் பாசுபதத் திருக்கூட்டமும் இந்த ஒரே ஊரில் தடம் விட்டிருக்கின்றன. குன்றுகளில் இருந்து இறங்கும் தண்ணீர் ஊற்றாகவும் சுனையாகவும் ஏரியாகவும் தேங்குகிறது. லகர் வல்லூறு உட்பட சுமார் 250 பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. தேவாங்கும் எறும்புத்தின்னியும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. கணி நந்தன் பெயர் பொறித்த ஓவாமலை இருக்கிற மீனாட்சிபுரம்தான் அது.

இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், இந்த வட்டாரத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்த வட்டாரம் இது. மலை போனால் கண்மாய் என்ன ஆகும் என்று அங்கே யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊர் ஊராகக் கிராமசபை கூடியது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக மதுரையை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நடந்தவர்களில் பச்சை அங்கி போட்டவர் யாரும் இல்லை. வயல் வேலை செய்கிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் கடை வைத்திருக்கிறவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் நடந்தார்கள். காட்டுக்காவலைத் தனி ஒரு கூட்டத்திடம் ஒப்படைக்காத மண் இது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆகவே மதுரைப் பக்கத்து மூலிகைத் திருக்கூட்டத்தைக் கதையில் கொண்டுவர நினைக்கும் தம்பி தங்கையருக்கு என் யோசனை இது. அவர்களுக்குக் கோட்டை மாதிரி மடம் கட்ட வேண்டாம்; நீர்வடி விளிம்பு வெட்டிய ஒரு குகையும் வாசலில் பந்தக்கால் நட்ட குழிகளும் போதும். கூட்டத்தின் மூத்தவருக்கு எல்லாச் செடியும் தெரியட்டும், பறிக்கும் உரிமை மட்டும் இல்லாமல் இருக்கட்டும். பறிக்கிறவள் ஒரு பளியப் பெண்ணாகவோ மருத்துவச்சியின் மகளாகவோ இருக்கட்டும். எந்தச் செடியில் இன்று எடுக்கலாம் என்ற கடைசிச் சொல் அவளுடையதாகட்டும். திருக்குறள் மருந்தை நான்கு கூறாகப் பிரிக்கும்போது நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உழைச்செல்வானையும் சேர்க்கிறது. பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொள்கிறவர் அவர். மந்திரம் போடும் பாத்திரங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. இரவெல்லாம் விழித்து நெற்றியில் ஈரத்துணி மாற்றுகிற ஒருவரை நாயகராக வைத்து எழுதிப் பாருங்கள். உப்பு வணிகனையும் மறக்க வேண்டாம். அவனுக்கு ஒரு வாக்கியமாவது கொடுங்கள்.

புதிதாகச் சேர வருகிறவருக்கு நான் வைக்கும் முதல் நாள் சடங்கையும் சொல்லிவிடுகிறேன். பொழுது சாயும் நேரத்தில் அவளைக் குன்றின் அடிவாரத்துக்கு அழைத்துப் போவார்கள். ஓர் ஆவாரஞ்செடியைக் காட்டி, மஞ்சள் நூலைக் கையில் கொடுப்பார்கள். அவள் காப்புக் கட்டுவாள். மேலே குகையில் காய்ச்சலோடு ஒருவர் படுத்திருப்பார். விடியும்வரை அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கோழி கூப்பிட இறங்கி வந்து பார்த்தால், இரவில் வந்த ஆடு செடியில் பாதியைத் தின்றிருக்கும், நூல் மட்டும் அப்படியே இருக்கும். மீதி இலையைப் பறிக்கலாமா என்று அவள் பளியப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பாள். அவள் தலையாட்ட மாட்டாள். இருவரும் அடுத்த செடியைத் தேடி நடப்பார்கள்.